கெங்கம்மா பூசிய வெள்ளை

ஊரூர் குப்பத்தில் நிச்சயதார்த்தம் என்றால் சாப்பிட வருகிறவர்களைவிடக் குறை கண்டுபிடிக்க வருகிறவர்கள்தான் அதிகம். கெங்கம்மா மகள் அஸ்வினியின் நிச்சயதார்த்தத்தில் அவர்களுக்கு முதலில் ஒன்றும் சிக்கவில்லை. பந்தல் புதுசு. பிரியாணியில் கறி கண்ணுக்குத் தெரிந்தது. வறுவலுக்கு வஞ்சிரமே போட்டிருந்தாள். மீன்பிடித் தடைக்காலத்தில் வஞ்சிரம் விற்ற விலைக்கு அதைத் திமிர் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் புருஷன் சுப்பராயன்கூட இஸ்திரி போட்ட சட்டையில், காலையிலிருந்து ஒரு சொட்டு ஊற்றிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தான். பேச வந்தவர்கள் வெறும் வாயை மென்றுகொண்டு நின்றார்கள்.

பெண் வேறு பளபளவென்று இருந்தாள். தை மாசத்தில் அவளைப் பார்த்தவர்கள் இப்போது பார்த்தால் வேறு வீட்டுப் பெண் என்பார்கள். அம்மாவைப் போல நல்ல கறுப்பாகப் பிறந்தவள் அஸ்வினி. கெங்கம்மா பெசன்ட் நகர் சாலையோரம் வெயிலில் மீன் விற்று விற்றுத்தான் கறுத்தாள் என்று சிலர் சொல்வார்கள். பொய். பிறக்கும்போதே அந்த நிறம்தான். வெயில் அதற்கு மெருகு போட்டதோடு சரி.

மாப்பிள்ளை கிஷோர் ஏசி மெக்கானிக். அவனுடைய அம்மா சந்திரிகா தேனாம்பேட்டையில் வீட்டு முன்னறையிலேயே பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். பெண் பார்க்க வந்த அன்றே அஸ்வினியின் கையில் ஒரு டப்பாவைத் திணித்துவிட்டுப் போனாள். தங்க நிற மூடி. மேலே எழுதியிருந்தது எந்த தேசத்து எழுத்து என்று குப்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. "ராத்திரி பூசிக்கினு படு கண்ணு. வெயில்ல மட்டும் தல காட்டாத" என்றாள். அடுத்த மாசமே அஸ்வினி வெளுக்க ஆரம்பித்தாள். தி. நகர் ஜவுளிக்கடையில் மூன்றாவது மாடியில் உள்பாவாடை மடித்துக்கொண்டிருந்தவளைக் கீழே பட்டுப் பிரிவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டப்பா தீரத் தீரச் சந்திரிகா கொடுத்துவிட்டாள். கெங்கம்மாவும் தினம் ராத்திரி மீன்வாடை போகக் கை கழுவிவிட்டு, மகளுக்குக் கை எட்டாத முதுகிலும் பிடரியிலும் தானே அழுத்தித் தேய்த்துவிட்டாள். கொஞ்சம் தேய்த்தால் கொஞ்சம்தானே வெளுக்கும்?

நிச்சயதார்த்தத்தன்று அஸ்வினி விடியற்காலையிலேயே க்ரீமைக் கெட்டியாகப் பூசி, அதன்மேல் பவுடரையும் அப்பிக்கொண்டு வந்து நின்றாள். தட்டு மாற்றினார்கள். சுப்பராயனின் தங்கை ஆரத்தித் தட்டைக் கொண்டுவந்தாள். மஞ்சளில் சுண்ணாம்பு குழைத்த ரத்தச் சிவப்புத் தண்ணீர். சுற்றி முடித்து, விரலைத் தோய்த்துப் பெண்ணின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். போட்டோ எடுக்கிறவன் எல்லோரையும் ஒட்டி நிற்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொட்டு மங்கியது. பிறகு சிலேட்டு நிறமானது. பிறகு அடுப்புக்கரி.

"ஐயய்யோ, இன்னாடி இது கறுக்குது?"

"கண்ணு பட்டுட்ச்சி."

"கண்ணு பட்டா காய்ச்ச வரும். ஆரத்தியா கறுக்கும்?"

பேச வந்தவர்களுக்கு விருந்து அப்போதுதான் பரிமாறப்பட்டது.

சந்திரிகா எழுந்தாள். "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இப்டி ஒரு சகுனம் ஆனப்பால பத்திரிகை எழுதறது நல்லா இல்ல. பொண்ணுக்கு ஏதோ தோஷம் கீது. கழிச்சிட்டுச் சொல்லுங்க. ஆவணிக்கு மண்டபம் சொல்லி வெச்சது அப்டியே கெடக்கட்டும், இன்னும் நாள் கீது."

"என் பொண்ணுக்கா தோஷம்?" என்றாள் கெங்கம்மா. "ஜாதகத்தப் பாத்து ஓகேன்னு சொன்னது உங்க ஆளுதான். தட்டு சுத்தினது எங்க ஆளு. நடுவுல தோஷம் எந்தப் பஸ்ஸுல வந்து எறங்கிச்சு?"

கிஷோர் பெண்ணையும் பார்த்தான், அம்மாவையும் பார்த்தான். கடைசியில் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான்.

பந்தல் காலியானதும் மற்றவர்களாக இருந்தால் அழுதிருப்பார்கள். கெங்கம்மா ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மீன் கெட்டிருக்கிறதா என்று செவுளைத் திருப்பிப் பார்க்கிறவளுக்கு எதையும் திருப்பிப் பார்க்காமல் விட முடியாது. தன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். சிவப்பு. பக்கத்தில் கூடைபோட்டு மீன் விற்கும் எஸ்தர், சிலுவை போட்டுக்கொண்டே நெற்றியைக் காட்டினாள். அவளுக்கும் சிவப்பு. அஸ்வினியின் காலில் வைத்தாள். சிவப்பு. கன்னத்தில் வைத்தாள். கறுத்தது.

"தோஷம் மூஞ்சில மட்டும் குந்திகினு கீதா?" என்ற கெங்கம்மா டப்பாவைத் திறந்து நேரே அதிலேயே ஒரு சொட்டு விட்டுக் குழைத்தாள். வெண்ணெய் மாதிரி இருந்தது கரிக்குழம்பானது.

எஸ்தர் டப்பாவைப் பார்க்கவில்லை. அஸ்வினியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கெங்கா, நீ பொட்டு வெச்ச எடத்துல கொயி வியுந்துகீது பார்றி. கால் இன்னா இப்டி வீங்கிக் கீது?"

அமுக்கிய விரலின் பள்ளம் அப்படியே இருந்தது. "கடைல நாள் பூரா நிக்கறேன்ல, அதான்" என்றாள் அஸ்வினி. எஸ்தர் விடவில்லை. காலையில் கண்ணிமை உப்புகிறதா என்று கேட்டாள், மோதிரம் கழற்ற வருகிறதா என்று கேட்டாள். வருகிற பதிலையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போ" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கிட்னி டாக்டர் ஜுவேரியா, சிறுநீர்ப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அஸ்வினியிடம் கேட்ட முதல் கேள்வியே மானத்தை வாங்கியது.

"பாத்ரூம் போனா நுரை வருதா?"

அஸ்வினி அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"மூஞ்சிக்கு என்ன போடறீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல் கெங்கம்மா மடியிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கூடவே வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பையும் எடுத்து, டாக்டர் வேண்டாம் என்பதற்குள் செய்து காட்டிவிட்டாள். டாக்டர் டப்பாவை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"இதை லேப்ல பாத்து உறுதி பண்ணணும். ஆனா எனக்குச் சந்தேகமே இல்லம்மா. பாதரசம். வெறும் பாதரசம் இல்ல, குளோரினோட சேர்ந்த உப்பு. வெள்ளைப் பொடி, வாசனை கிடையாது, தண்ணியில லேசுல கரையாது. க்ரீம்ல குழைச்சா இருக்கறதே தெரியாது. சுண்ணாம்பு பட்டா கறுக்கறது இதோட குணம். அம்மோனியா பட்டாலும் அப்படித்தான்."

"வெசமா டாக்டரம்மா?"

"ஒரு காலத்துல இதுதாம்மா மருந்து. பேதிக்குக் குடுத்தாங்க. பல்லு முளைக்கற குழந்தைக்குக் குடுத்தாங்க. நாட்டு மருந்துல பூரம்னு சொல்றதும் இதைத்தான். விஷம்னு ஒத்துக்கறதுக்குள்ள எத்தனையோ பேர் போயிட்டாங்க. நம்ம தோலுக்கு நிறம் உண்டாக்கற வேலை உள்ள நடந்துகிட்டே இருக்கும். இது அந்த வேலையை நிறுத்திடும், அதான் வெளுக்குது. அதோட விடாது. தோல் வழியா ரத்தத்துல இறங்கி கிட்னியில போய் உக்காந்துடும். சத்தெல்லாம் சிறுநீர்ல போயிடும், தண்ணி உடம்புல தங்கிடும். அதான் வீக்கம்."

"பேரு இன்னா அதுக்கு?"

"கேலோமெல். கிரேக்க மொழியில 'அழகான கறுப்பு'ன்னு அர்த்தம் சொல்வாங்க."

கெங்கம்மா டாக்டரையே பார்த்தாள். "வெளுக்கற மருந்துக்கு அயகான கறுப்புன்னு பேரா? அந்த ஊர்க்காரனுக்காச்சும் புத்தி கீது."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் கெங்கம்மாவின் விரலைக் கவனித்தார். "அந்த மோதிரம் என்ன, வெள்ளியா?"

கெங்கம்மாவின் முகம் விழுந்தது. தங்க மோதிரம்தான் அது. போன மாசம் திட்டுத் திட்டாக வெளுத்துப்போயிருந்தது. தி. நகரில் அதை வாங்கிய கடைக்கே போய், வெள்ளிக்கு முலாம் பூசி விற்றான் என்று வாசலில் நின்று கத்திவிட்டு வந்திருந்தாள். கடைக்கார வைரவன், "ஆத்தா, இது ரசம் ஏறுனது, கடையக் குத்தஞ் சொல்லாதிய" என்று கையெடுத்துக் கும்பிட்டும் அவள் கேட்கவில்லை.

"பாதரசம் தங்கத்தைப் பிடிச்சுக்கும்மா" என்றார் டாக்டர்.

"அப்ப அந்த மன்சன் நல்லவனா? சே, அவன் பரம்பரையவே இஸ்து திட்னேனே."

டாக்டர் அஸ்வினியின் பக்கம் திரும்பினார். "க்ரீமை இன்னியோட நிறுத்தணும். நிறுத்தினா பெரும்பாலும் மெல்லச் சரியாயிடும். நிறுத்தலைன்னா நான் எழுதற மாத்திரையெல்லாம் வீண். உப்பு குறைக்கணும், கருவாடு கூடாது. இன்னொண்ணு, இப்பவே சொல்லிடறேன். மூஞ்சி திரும்பக் கறுக்கும். கொஞ்ச நாளைக்கு முன்னைவிடவே கறுப்பாத் தெரியும்."

அஸ்வினி மற்ற எதற்கும் பயப்படவில்லை. கடைசி வார்த்தைக்குத்தான் அவள் கை நாற்காலியைப் பிடித்தது.

"வூட்ல இன்னும் டப்பா கீது. கடல்ல வுட்டெறியறேன்" என்று கெங்கம்மா எழுந்தாள்.

"ஐயோ, வேணாம்மா. கடல்ல போட்டா மீனுக்கு ஏறும். அந்த மீனை நீங்கதான் விப்பீங்க. அடுத்த தடவை வரும்போது பையில கட்டி எங்கிட்ட கொண்டாங்க."

இப்படித்தான் விஷம் வீட்டிலேயே தங்கிப்போனது. கெங்கம்மா அதைப் பாலிதீன் பையில் சுற்றி, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தாள். ஒற்றை அறை வீட்டில் ஒளிக்கிற இடம் யாருக்குத்தான் தெரியாது? அன்றைக்குச் சமையலும் பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. உப்பில்லாத மீன் குழம்பு. சுப்பராயன் ஒரு வாய் வைத்துவிட்டு, "செத்தவங்களுக்குப் படைக்கறாப்பல கீது" என்றான். முறைப்பு கிடைத்ததும் மறுபடி போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

"யம்மா" என்றாள் அஸ்வினி. "ஆவணி வரைக்கும் போட்டுக்கறேன்மா. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் நிறுத்திட்றேன்."

"டாக்டரு சொன்னது காதுல வியல?"

"வியுந்துச்சு. உனுக்கு இன்னா தெரியும்? மூணாவது மாடில ஃபேன் கெடையாது. உள்பாவாட மடிச்சிகினே கெடந்தேன். ஒருத்தி பேர் சொல்லிக் கூப்ட மாட்டா. 'ஏ கறுப்பி, அந்த சைஸ் எடு'ம்பா. இப்ப பட்டுல நிக்கறேன். வரவங்க என் தோள் மேல பொடவயப் போட்டுப் பாக்கறாங்க. 'உன் கலருக்கு எடுக்குதும்மா'ங்கறாங்க. அத்த உட்டுட்டு மேல போன்னா எப்டி போவேன்?"

கெங்கம்மா எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். அன்றைக்குக் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

மறுநாள் வெளிச்சம் வரும் நேரத்தில், மீன் எடுக்கக் கரைக்குக் கிளம்பியவள் திரும்பிப் பார்த்தாள். அஸ்வினி கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். தங்க மூடி கீழே கிடந்தது.

கெங்கம்மா கத்தவில்லை. குப்பத்தில் அதுதான் முதல் அதிசயம். நேரே போய் டப்பாவைப் பிடுங்கி, நாலு விரலையும் உள்ளே விட்டு வழித்துத் தன் முகத்தில் அப்பிக்கொண்டாள்.

"யம்மா! இன்னா பண்ற?"

"நீ ஒருவாட்டி பூசினா நான் ரெண்டுவாட்டி பூசுவேன். உனுக்கு கிட்னி ரெண்டு, எனுக்கு ரெண்டு. போவட்டும் நாலும் ஒண்ணா."

கீழே கிடந்த மூடியைப் போட்டு, டப்பாவை மடியில் செருகிக்கொண்டு கூடையோடு போய்விட்டாள்.

அன்றைக்குச் சாலையோரம் மீன் வாங்க வந்தவர்கள் பாக்கியவான்கள். கத்திரி வெயில். நெகிழிக் குடைக்குக் கீழே கெங்கம்மா கழுத்து வரை கறுப்பாகவும் மேலே சுண்ணாம்படித்த சுவராகவும் உட்கார்ந்து சங்கராவுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். வேர்வை வழிந்த இடமெல்லாம் கோடு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலால் மேலுதட்டைத் துடைக்கப்போக, அங்கே கறுப்பாக ஒரு மீசை வேறு.

"இன்னாடி கெங்கா, மாவு மில்லுல வியுந்து எயுந்து வந்தியா?" என்றாள் எஸ்தர்.

அடுக்குமாடியிலிருந்து வழக்கமாக வரும் பெரியவர், "என்ன கெங்கம்மா, உடம்பு சரியில்லையா?" என்று தயங்கினார்.

"கல்யாணப் பொண்ணு சார் நானு. ஆவணில முகூர்த்தம். அயகா கீறேனா?"

பெரியவர் நெத்திலியை வாங்கிக்கொண்டு பாக்கிச் சில்லறையைக்கூடக் கேட்காமல் நடந்தார். எஸ்தருக்கு மட்டும் சிரிப்பு நடுவிலேயே நின்றது. கெங்கம்மாவின் மடியிலிருந்த தங்க மூடியை அவள் பார்த்துவிட்டாள். "ஏய், இது அந்த வெசமாச்சே! தொடச்சிடுடி, சொல்றேன்!"

"எம் பொண்ணு தொடைக்கட்டும், தொடைக்கறேன்."

தி. நகர் பஸ்ஸுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். அஸ்வினி துப்பட்டாவால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, கண் மட்டும் தெரிய வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். கெங்கம்மா அவளைப் பார்த்துக்கொண்டே டப்பாவைத் திறந்து இன்னொரு விரல் வழித்தாள். ஐஸ் உடைக்கிறவன் உடைப்பதை நிறுத்தினான். கழுத்தில் பூசியானதும் இன்னொரு விரல்.

"உடு, டப்பாவ உடும்மா!"

"நீ பஸ்ஸுக்குப் போ. பட்டுல நிக்கணும் நீ. நான் இங்க நிக்கறேன்."

அஸ்வினி மீன் கழுவும் பக்கெட்டைத் தூக்கினாள். அப்படியே அம்மாவின் முகத்தில் ஊற்றினாள். செதிலும் குடலும் சிவந்த தண்ணியுமாகக் கெங்கம்மாவின் தலையில் இறங்கியது. "எம் மீன் மேல தெறிக்குதுடி!" என்று எஸ்தர் கூடையை இழுத்தாள். அஸ்வினி துப்பட்டாவை உருவி, அம்மாவின் முகத்தைத் தோல் உரிகிற மாதிரி தேய்த்தாள். அதே துணியால் தன் முகத்தையும் தேய்த்தாள். பஸ் வந்தது, நின்றது, போனது.

"உன் மூஞ்சி எனுக்கு வேணும்மா" என்றாள். "இந்தக் கண்றாவியோட நீ சாவாத."

"நாத்தம் அடிக்குதுடி" என்றாள் கெங்கம்மா. கண் எரிந்ததால்தான் தண்ணீர் வந்தது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் எஸ்தருமாக மூவரும் தேனாம்பேட்டைக்குப் போனார்கள். எஸ்தரை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் இதைப் பார்க்காமல் அவள் எப்படிச் சோறு தின்பாள்? பார்லரில் கூட்டம். ஒரு கல்யாணப் பெண் முகத்தில் ஏதோ பூசிக்கொண்டு சாய்ந்திருந்தாள். அலமாரியில் தங்க மூடிகள் வரிசையாக நின்றன. கிஷோர் ஸ்டூல்மேல் ஏறி ஏசியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தோஷம் கயிச்சாச்சா சம்பந்தி?" என்று கேட்ட சந்திரிகா, அஸ்வினியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். ஏற்கெனவே பழைய நிறம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "இன்னா கண்ணு, பூசறத நிறுத்திட்டியா?"

"தோஷம் கயிக்கத்தான் வந்துகீறேன் அத்தை. ஒரு வெள்ளத் தட்டு குடுங்க."

கேட்டது பேச்சுக்குத்தான். தட்டு எஸ்தரின் பையிலேயே இருந்தது. அஸ்வினி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து தட்டில் தடவினாள். அம்மாவிடமிருந்து சுண்ணாம்பை வாங்கி, தண்ணீர் விட்டு மேலே குழைத்தாள். வெள்ளை சாம்பலாகி, சாம்பல் கறுப்பானது.

"இதான் உங்க சகுனம்" என்றாள் அஸ்வினி. "இதுல பாதரசம் கீது. ஆஸ்பத்திரில பாத்து உறுதி பண்ணிட்டாங்க. எங் கிட்னிய தின்னுகினு இருந்துச்சு. நீங்க தோஷம் கயிக்கச் சொன்னீங்க."

சாய்ந்திருந்த கல்யாணப் பெண் பதறி எழுந்து துண்டைத் தேடினாள்.

"எவனோ டூப்ளிகேட்டு கலந்துகீறான்" என்றாள் சந்திரிகா. குரல் உயர்ந்தது. "நானே இத்தத்தான் பூசறேன்! வருஷக் கணக்கா பூசறேன்! எனுக்கு இன்னா ஆயிட்ச்சி? மாமியாக்காரி என்னிய அடுப்பாங்கரைய உட்டு வெளிய வரக்கூடாதும்பா, வந்தவங்க கரிக்கட்டன்னு சொல்வாங்கன்னு. இத்தப் பூசினப்பாலதான் இந்தத் தெருவுல எனுக்கு ஒரு மரியாத வந்துச்சு. கறுத்த பொண்ண, சீக்குப் பொண்ண என் தலைல கட்டப் பாக்கறீங்களா? கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

கெங்கம்மா புடவையை வரிந்து கட்டினாள். அஸ்வினி கையை நீட்டி அவளைத் தடுத்தாள். அவள் சந்திரிகாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு வார் பதிந்த இடத்தில் ஆழமாக ஒரு பள்ளம்.

"காலைல கண்ணு உப்புதா அத்தை?"

சந்திரிகா காலை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

"கல்யாணம் வேணாம்னா போவட்டும்" என்றாள் அஸ்வினி. "ஆனா இந்த டப்பாவ இனிமே ஒருத்திக்குக் குடுத்தாலும் நான் இங்க வருவேன். இதே தட்டோட, குப்பத்தையே இட்டுகினு வருவேன். இந்த மூஞ்சி கறுத்துகினேதான் வரும். பாத்துக்கோங்க." பிறகு ஸ்டூலை நிமிர்ந்து பார்த்தாள். "ஏசி நல்லா கூலா கீதா?"

கிஷோர் ஸ்டூலிலிருந்து இறங்குவதற்குள் அவர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

ஆடி பிறப்பதற்குள் அஸ்வினி அம்மாவைவிட ஒரு படி கறுத்திருந்தாள். கால் வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது. ஜவுளிக்கடை சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி மூன்றாவது மாடிக்குப் போகச் சொன்னான். "உடம்பு சரியாவற வரைக்கும் லீவு. வந்தா பட்டுலதான் நிப்பேன். மேல அனுப்பணும்னா எதுக்குன்னு எல்லார் முன்னாலயும் வாயத் தொறந்து சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தவள், அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். குடைக்கு வெளியே, வெயிலில். அரிவாமனையில் அவள் வஞ்சிரத்தைத் துண்டு போடுகிற அழகைப் பார்க்கவே நாலு பேர் நின்றார்கள்.

அப்படி ஒரு காலையில் கிஷோரின் பைக் வந்து நின்றது. பின்னால் சந்திரிகா. பவுடர் இல்லை, பொட்டு கோணலாக இருந்தது. இமை இரண்டும் உப்பி, கண் பாதிதான் திறந்திருந்தது. எஸ்தர் வாயைத் திறந்தாள். கெங்கம்மா முழங்கையால் ஒரு இடி இடித்ததும் மூடிக்கொண்டாள்.

"சம்பந்தி" என்றாள் சந்திரிகா. அந்த வார்த்தை இன்னும் செல்லுமா என்று தெரியாமல் மெதுவாக. "அந்த டாக்டரு... எந்தக் கட்டடம்னு..."

"எந்தக் கட்டடமா? சீட்டு வாங்கற எடத்துலயே உன்னிய மெதிச்சித் தள்ளிடுவாங்க" என்று கெங்கம்மா எழுந்து கையைக் கழுவினாள். "இன்னும் பூசிக்கினுதான் கீறியா? பொய் சொல்லாத, செவுளத் திருப்பிப் பாத்துருவேன். மிச்ச டப்பாங்கள எட்தாந்தியா? அதுவும் இல்லியா? போற வழில எடுத்துக்கலாம். வா, ஆட்டோ ஏறு. ஒழுங்கா புட்ச்சிக்கினு ஏறு."

அவர்கள் போன பிறகு கிஷோர் மட்டும் நின்றான். நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று கூடையிலிருந்த நண்டைப் பார்த்தான். நண்டு அவனைப் பார்த்தது.

"அஸ்வினி... அம்மா அன்னிக்கு சொன்னத மனசுல வெச்சிக்காத. ஆவணி தேதி மண்டபத்துல இன்னும் அப்டியேதான் கீது. நீ இன்னா சொல்ற?"

அஸ்வினி வெட்டிக்கொண்டிருந்த மீனை முடித்தாள். தலையை ஒரு பக்கம் தள்ளினாள், வாலை ஒரு பக்கம் தள்ளினாள். வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. அவள் கையை மறைப்பாகக்கூட வைக்கவில்லை.

"ஆவணிய வுடு. எனுக்கு உடம்பு எப்ப முயுசா சரியாவுதோ, அப்பால எனுக்குத் தோணிச்சுன்னா சொல்லி அனுப்பறேன். தோணலன்னா இல்ல" என்றாள். "இப்ப மீனு வேணுமா, வேணாவா? வேணும்னா அந்தக்கா பின்னால வரிசைல நில்லு. அவங்க உனுக்கு முன்னாலயே வந்துட்டாங்க."

கிஷோர் வரிசையில் நின்றான்.